இணையதளமும் வடிவமைப்பாளரும்: சங்கங்கள் கூடி உழைக்கும் முறை

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பது பழமொழி. பூவின் மணம் எட்டும் தெருவளவிற்கு அம்மொழி பொருந்தும். அதற்கு அப்பால் பொருந்தாது. சென்னையிலோ கோலாலம்பூரிலோ அமர்ந்து கைப்பேசியில் சேலை தேடும் ஒருவர், நம் சங்கக் கிடங்கில் அடுக்கி வைத்துள்ள சேலையைத் தொட்டுப் பார்க்க இயலாது. திரையில் தோன்றும் பக்கமே அவருக்குக் கடையும் சரக்கும் ஆகும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்போரின் பக்கமும் அதே திரையில், பல வேளைகளில் நம்முடையதினும் அழகாகவே, தோன்றுகிறது. ஆதலின் சங்கத்தின் இணையதளம் எவ்வாறு அமைகிறது என்பது, அங்கத்தினரின் தறி ஓடுவதையும் நிற்பதையும் தொடும் விஷயமாகிவிட்டது.

இணையதளம் அமைக்கப் பல சங்கங்கள் முன்வருகின்றன. தீர்மானம் நிறைவேறுகிறது, தொகை ஒதுக்கப்படுகிறது, வடிவமைப்பாளர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். ஆறு மாதம் சென்று நாம் பார்வைக்குச் செல்லுங்கால், வேலை பாதியில் நிற்பதையும், இரு சாராரும் ஒருவர்மேல் ஒருவர் குறை கூறுவதையும் காண நேர்கிறது. "நாங்கள் நினைத்ததை அவர் வரையவில்லை" என்பது சங்கத்தாரின் குறை. "அவர்கள் நினைத்ததைச் சொல்லவே இல்லை" என்பது வடிவமைப்பாளரின் குறை. இரண்டும் பெரும்பாலும் உண்மையே. திறமைக் குறைவால் கெட்ட வேலைகளைவிட, சேர்ந்து உழைக்கும் முறை அறியாமையால் கெட்ட வேலைகளையே நாம் மிகுதியாகக் கண்டுள்ளோம். அம்முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடிவமைப்பாளரின் வேலை யாது?

இணையதளம் பலர் கைபட்டு உருவாவது. பக்கத்தில் எது முதலில் தோன்றவேண்டும், எது அடுத்து வரவேண்டும், எழுத்தின் அளவும் நிறமும் இடைவெளியும் எவ்வாறு இருக்கவேண்டும் என்று ஆராய்ந்து வரைந்து தருபவர் வடிவமைப்பாளர். அவ்வரைவை இயங்கும் தளமாக ஆக்குபவர் நிரலாளர். செய்தி எழுதுபவரும் படம் எடுப்பவரும் வேறு வேண்டும். சிறு வேலையில் ஒருவரே இரண்டு மூன்று பணிகளை மேற்கொள்வதுண்டு. எனினும் எப்பணிக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. பணம் செலுத்தும் வசதி ஏன் இயங்கவில்லை என்று வடிவமைப்பாளரைக் கேட்பது, பாவு ஏன் அறுந்தது என்று சாயம் தோய்ப்பவரைக் கேட்பது போலாகும்.

எல்லாம் முடிந்தபின் மேற்பூச்சுப் பூசுவதே வடிவமைப்பாளரின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். 1958ஆம் ஆண்டில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர், இந்திய அரசின் வேண்டுகோளுக்கிணங்க நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை ஒன்று அளித்தனர். 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அவ்வறிக்கை வழிகோலிற்று. தாங்கள் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவர்கள் எடுத்துக்காட்டியது, நம் வீடுகளில் புழங்கும் லோட்டாவை. அத்தகைய பாத்திரம் ஒன்றை அமைப்பதாயின் எண்ணவேண்டியவை யாவை என்று நீண்டதொரு வரிசையும் தந்தனர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், தூக்குபவரின் கை எத்தகையது, சுமப்பது தலையிலா இடுப்பிலா கையிலா, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாயிருக்கும்போதும் அது எவ்வாறு நிற்கும், விலை என்ன என்பன அவற்றுட் சில. அழகு என்பது இக்கேள்விகளுக்கு விடை கண்டபின் அமைவது. நல்ல வடிவமைப்பாளரும் வரையத் தொடங்குமுன் கேள்வி கேட்பார். அவ்வாறு கேட்பவரை வேலை தெரியாதவர் என்று எண்ணிவிடுதல் கூடாது.

இத்தகைய கூட்டுழைப்பு நம் இயக்கத்திற்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு முதல் நாட்டின் பல பகுதிகளில் தோன்றிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியரும் நெசவாளரும் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். புகழ்பெற்ற ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பணியில் இருந்தார். ஓவியரின் கோட்டைத் தறி ஏற்கச் செய்வதும், தறியின் எல்லையை ஓவியர் உணரச் செய்வதும் அன்றைய வேலை. திரை என்னும் புதிய தறியிலும் நமக்கு வேண்டுவது அதுவே.

வரைபடத்தாள் கற்பிக்கும் பாடம்

வேலையின் வரிசையை நெசவாளருக்கு விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. புட்டா ஒன்று சேலையில் ஏறும் விதத்தை நோக்குவோம். முதலில் தாளில் பென்சிலால் பூவை வரைகின்றனர். பின்னர் வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகின்றனர். நெடுக்கில் ஒரு வரிசை ஜக்கார்டின் ஒரு கொக்கிக்கும், குறுக்கில் ஒரு வரிசை ஓர் அட்டைக்கும் உரியது. அதன்பின் அட்டை குத்துகின்றனர். அட்டைகளைக் கோத்துப் பெட்டியில் ஏற்றுகின்றனர். அதற்குப் பிறகே நாடா ஓடுகிறது. பென்சில் நிலையில் ஓர் இதழைத் திருத்தச் சிறிது நேரம் போதும். கட்டம் நிரப்பியபின் திருத்த அதைவிட நெடுநேரம் ஆகும். அட்டை குத்தியபின் திருத்தினால் அட்டைகள் வீணாகும். நெய்தபின் திருத்தம் என்பதே இல்லை. பாதிச் சேலை நெய்தபின் வந்து கரையை மாற்றச் சொல்லும் வியாபாரியைப் பற்றி நம் அங்கத்தினர் எவ்வாறு பேசுவர் என்பது எல்லோரும் அறிந்ததே.

இணையதள வேலையும் ஐந்து நிலைகளில் நடைபெறுகிறது. முதலாவது, நோக்கத்தை எழுதும் குறிப்பு. இரண்டாவது, நிறமின்றிக் கட்டங்களால் மட்டும் பக்கத்தின் ஒழுங்கைக் காட்டும் கோட்டு வரைவு. மூன்றாவது, எழுத்து, நிறம், படம் யாவும் அமைந்த முழு வரைவு. நான்காவது, நிரலாளரின் வேலை. ஐந்தாவது, சரக்கு விவரங்களை நிரப்பிச் சோதித்தல். எந்நிலையில் எதைப் பேசவேண்டும் என்பதை அறிந்திருத்தல் பெரும்பொருளை மிச்சப்படுத்தும். கோட்டு வரைவைக் காட்டும்போது "நிறம் எங்கே?" என்று கேட்பது பொருந்தாது, அங்கே பார்க்கவேண்டியது, சேலைகளின் பட்டியல் முதலில் வருகிறதா, சங்க வரலாறு முதலில் வருகிறதா என்பது. நிரல் வேலை முடிந்தபின் அவ்வரிசையை மாற்றச் சொல்வதோ, அட்டை குத்தியபின் பூவை மாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கருவியின் எல்லையும் அவ்வாறே. 240 கொக்கி ஜக்கார்டில் 400 கொக்கி வேண்டும் பூவை ஏற்ற இயலாது. நம் தளத்தைக் காண்போரில் மிகப் பலர் கைப்பேசியிலேயே காண்பர். அத்திரையின் அகலம் வடிவமைப்பாளரின் கணக்கில் பெரும்பாலும் 360 புள்ளிகளை ஒட்டியது. மேசைக் கணினித் திரையோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலம். ஒரே பக்கம் திரையின் அகலத்திற்கேற்பத் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும் முறைக்கு 2010ஆம் ஆண்டில் ஈதன் மார்க்காட் என்பவர் பெயரும் விளக்கமும் தந்தார். இன்று அது பொதுவழக்காகிவிட்டது. ஆயினும் நிர்வாகக் குழுவின் முன் பெரிய திரையில் காட்டும் வரைவு கண்ணைக் கவர்வதால், கைப்பேசி வரைவைக் கேட்கப் பலர் மறந்துவிடுகின்றனர். கைப்பேசி வரைவை முதலில் காட்டுமாறு கேட்பதே முறை. குறுகிய இடத்தில் எது நிற்கவேண்டும், எது விலகவேண்டும் என்ற கேள்விக்கு அப்போதே விடை கண்டாக வேண்டும்.

நோயைச் சொல்லுவோம், மருந்தை அவர் சொல்லட்டும்

வைத்தியரிடம் செல்பவர் வயிற்றில் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று சொல்வதே முறை. இன்ன மருந்தைத் தருக என்று கேட்பது முறையன்று. வடிவமைப்பாளரிடமும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும்.

நாம் பார்த்த மஞ்சள் விளைவிப்போர் சங்கம் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். மஞ்சள் சங்கத்தின் தளம் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கவேண்டும் என்று நிர்வாகக் குழு முதலிலேயே விதித்துவிட்டது. வடிவமைப்பாளரான இளம்பெண் அதற்கு இசைந்து, வெள்ளைப் பரப்பில் மஞ்சள் எழுத்துகளை அமைத்தார். தளம் வெளிவந்த சில நாட்களில் அங்கத்தினர், விலை தெரியவில்லை என்றனர். தலைவர் அப்பெண்ணை அழைத்து, "எழுத்தையெல்லாம் இரட்டிப்பாக்கி விடம்மா" என்றார். "ஆக்கிவிடலாம் ஐயா. யார், எங்கே இருந்து பார்த்தபோது தெரியவில்லை என்று சொன்னார்கள்?" என்று அவர் கேட்டார். விசாரித்தபோது, அங்கத்தினர் வயலிலும் ஏலக்களத்திலும் நின்று, வெயிலில் கைப்பேசியைத் திறந்து பார்த்தனர் என்பது தெரியவந்தது. எழுத்தின் அளவில் குறை இல்லை. வெளிறிய நிறமே குறை. மேலும், பெரியதொரு வயற்படத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் விலை கண்ணில் பட்டது. எழுத்தைக் கருமையாக்கி, விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் அன்றைய குவிண்டால் விலையைப் பக்கத்தின் தலையில் வைத்தார். மஞ்சள் நிறம் ஓரக்கோடாக நின்றது. எழுத்து இரட்டிக்கப்படவில்லை, குறையும் தீர்ந்தது.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்பதற்குச் சர்வதேச அளவுகோல் உண்டு. சாதாரண எழுத்துக்கு அவ்விகிதம் 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறைதல் கூடாது. இதை அளந்து காட்டும் இலவசக் கருவிகள் உள்ளன. வெள்ளையின்மேல் மஞ்சள் எழுத்து இவ்வளவை எட்டுவதில்லை. மூத்த அங்கத்தினரின் கண்களுக்காகவேனும் இவ்வளவைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை.

வேலை தொடங்குமுன் சங்கம் கீழ்க்கண்ட ஆறு கேள்விகளுக்கு ஒரே தாளில் விடை எழுதி வடிவமைப்பாளரிடம் தருமாறு வேண்டுகிறோம்.

1. தளம் எதற்காக? சில்லறை விற்பனைக்கா, மொத்த வியாபாரிகளை ஈர்ப்பதற்கா, அங்கத்தினருக்குச் செய்தி தருவதற்கா? மூன்றும் எனின் எது முதன்மை?

2. வருபவர் யார்? சேலை வாங்கும் குடும்பத்தினரின் தேவை வேறு. மஞ்சள் வாங்கும் வியாபாரியின் தேவை வேறு. முன்னவர் நிறத்தையும் கரையையும் காண விரும்புவர். பின்னவர் வகை, ஈரப்பதம், குர்குமின் அளவு, இருப்பு ஆகியவற்றைக் கேட்பர்.

3. வந்தவர் செய்யவேண்டிய முதற்செயல் எது? வாங்குவதா, தொலைபேசியில் அழைப்பதா, விலையைப் பார்ப்பதா?

4. நாம் கூறுவனவற்றுக்குச் சான்று யாது? 2006ஆம் ஆண்டில் அறிமுகமான கைத்தறி முத்திரையைப் பயன்படுத்தும் அனுமதி நம்மிடம் உண்டா? காஞ்சிபுரம் பட்டு, 2019இல் பதிவுபெற்ற ஈரோடு மஞ்சள் போன்ற புவிசார் குறியீட்டுப் பெயர்களைக் கூறுவதாயின், அதற்குரிய பயனாளர் பதிவு உண்டா?

5. எல்லைகள் யாவை? பணம், நாள், மொழி ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். தொகையை மறைத்து வைத்தால், வடிவமைப்பாளர் மாளிகை வரைவார். நாம் குடிசைக்குப் பணம் தருவோம்.

6. இறுதி முடிவு கூறுபவர் யார்?

உண்மையான எழுத்தும் உண்மையான படமும்

வரைவில் எழுத்து வரவேண்டிய இடத்தைப் பொருளற்ற லத்தீன் சொற்களால் நிரப்பிக் காட்டுவது வடிவமைப்பாளர் வழக்கம். அவ்வரைவு அழகாக இருக்கும். தமிழ் எழுத்து ஏறியதும் குலைந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வாங்க' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'முன்பதிவு செய்துகொள்ளவும்' என்பது அடங்காது. கொம்பும் புள்ளியும் மேலே எழுவதாலும், உகரச் சுழிகள் கீழே இறங்குவதாலும், வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிட மிகுதியான இடைவெளி வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது சங்கத்தின் பெயர். 'தொடக்கக் கைத்தறிப் பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம் லிமிடெட்' என்பதற்கு முன்னே ஊர்ப் பெயரும் சேரும்போது, கைப்பேசியில் நான்கைந்து வரிகள் பிடிக்கும். இதை வடிவமைப்பாளர் முன்கூட்டி அறிந்தால் சுருக்கப் பெயர் ஒன்றை மேலேயும் முழுப் பெயரைக் கீழேயும் வைக்க வழி காண்பார். அறியாவிடில் பெயர் பாதியில் வெட்டுண்டு நிற்கும்.

ஆதலின் வரைவு தொடங்குமுன் உண்மையான செய்திகளை, குறைந்தது பத்துச் சரக்குகளின் விவரங்களையேனும், எழுதித் தருதல் வேண்டும். மிக நீண்ட பெயர், மிகக் குறுகிய பெயர், விலை மிக்கது, படம் இல்லாதது என எல்லா விதமும் அப்பத்தில் இடம்பெற வேண்டும். சங்கத்தின் பழைய ஆவணங்கள் பல, பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாகத் தோன்றும். 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோடு முறைக்கு அவற்றை முன்னரே மாற்றித் தரவேண்டும். நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன் போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் கட்டணமின்றித் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன என்பதும் அறியத்தக்கது.

படத்தைப் பொறுத்தவரை, நெசவாளரின் அறிவு வடிவமைப்பாளருக்கு மிகத் தேவை. மயில்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலை மடிய மடிய நிறம் மாறும். நேராக விரித்து எடுத்த ஒரே படத்தில் அம்மாற்றம் தோன்றாது. மடித்தும் விரித்தும் இரு படங்கள் வேண்டும். கோர்வைச் சேலையாயின் உடலும் கரையும் சேரும் இடத்தை அருகில் எடுத்துக் காட்டுதல் வேண்டும். சேலையின் உட்புறத்தையும் காட்டினால் அறிந்தவர் நெசவின் உண்மையை உணர்வர். மஞ்சள் வியாபாரி கிழங்கை உடைத்து உள்நிறம் பார்த்தே விலை கேட்பார். படத்திலும் உடைத்த விரலியைக் காட்டுவதே அறிவுடைமை. இவற்றை நாம் சொல்லாவிட்டால், எங்கிருந்தோ வாங்கிய பொதுப்படம் ஒன்று நம் தளத்தில் ஏறும். அப்படத்தில் தறியின் முன் அமர்ந்திருப்பவர் நம் ஊராராகவும் இரார். அத்தறி நம் தறியாகவும் இராது. கைத்தறியின் உண்மையை நிலைநாட்ட வந்த தளத்தில் இத்தகைய பொய்ப்படம் இடம்பெறுதல் பெருங்கேடாகும். தறிமேல் இருக்கும் அங்கத்தினரைப் படமெடுக்குமுன் அவர் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

வேலையைத் தொடங்குமுன் வடிவமைப்பாளர் ஒரு நாளேனும் தறிக்கூடத்திற்கோ ஏலக்களத்திற்கோ வந்து பார்ப்பது பெரிதும் பயன் தரும். அந்நாளுக்குரிய கூலியையும் வழிச்செலவையும் சங்கம் தயங்காமல் தரலாம்.

கருத்துரைக்கும் முறை

வரைவு கைக்கு வந்ததும், "பிடிக்கவில்லை" என்ற ஒரே சொல்லில் அதைத் திருப்பி அனுப்புவதால் யாருக்கும் பயன் இல்லை. பிடித்தலும் பிடிக்காமையும் அவரவர் மனத்தைப் பொறுத்தன. தளமோ நிர்வாகக் குழுவினர் கண்டு மகிழ்வதற்காக அமைவதன்று. முன்னர் எழுதிய குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்நோக்கம் நிறைவேறுகிறதா என்று பார்ப்பதே முறை. "இந்த நீலம் வேண்டாம்" என்பதைவிட, "எங்கள் அரக்குச் சேலை இந்த நீலத்தின்மேல் மங்கித் தோன்றுகிறது" என்பது பயனுள்ள சொல். "இங்கே பெரிய அம்புக்குறி போடுங்கள்" என்பதைவிட, "சேலையைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நிற்கிறார்" என்பது பயனுள்ளது. முன்னது கட்டளை, வடிவமைப்பாளர் அதைச் செய்துவிட்டு விலகிக்கொள்வார். பின்னது கேள்வி, அவர் தம் அறிவைச் செலுத்தி விடை தேடுவார். நன்றாயிருப்பதை நன்று என்று சொல்வதும் மரியாதைக்காக மட்டும் அன்று. எதை மாற்றக்கூடாது என்பதை அவர் அறிவதற்காகவும் ஆம்.

இரண்டாவது, சங்கத்திற்கு ஒரே வாய் இருத்தல் வேண்டும். தலைவர் காலையில் ஒன்று சொல்ல, காரியதரிசி நண்பகலில் வேறொன்று சொல்ல, இயக்குநர் ஒருவரின் மகன் இரவில் மூன்றாவதைச் சொன்னால், வடிவமைப்பாளர் எதைச் செய்வார்? எல்லோரும் கருத்துக் கூறலாம். கூட்டுறவில் அது அவரவர் உரிமை. ஆனால் கருத்துகளைத் திரட்டி, முரண்களைச் சங்கத்திற்குள்ளேயே தீர்த்து, எழுத்தில் ஒருமுறையாக அனுப்பும் பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் வேண்டும். அவர் பெயர் தீர்மானத்திலேயே இடம்பெறுவது நன்று.

மூன்றாவது, கருத்து வேறுபாடு எழுந்தால் வாக்கெடுப்பை நாடுவதைவிடப் பயனாளரை நாடுதல் மேல். சோதனைக்கு ஐவர் போதும், பெருங்குறைகளிற் பெரும்பாலானவை அவர்களிடமே வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு மூத்த அங்கத்தினர், ஓர் ஆசிரியை, ஒரு வியாபாரி என ஐவரிடம் கைப்பேசியைத் தந்து, "ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு பருத்திச் சேலை தேடி எடுங்கள்" என்று கூறிவிட்டு வாய் திறவாமல் பார்த்திருந்தால், ஒரு மணி நேரத்தில் பல வாதங்கள் தாமே அடங்கும். அச்சோதனையில் வடிவமைப்பாளரும் உடனிருத்தல் வேண்டும்.

கூலியும் உரிமையும்

"மூவரும் மாதிரி வரைந்து காட்டுங்கள், பிடித்தவருக்குப் பணம்" என்று கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மூன்று நெசவாளரிடம் சேலை நெய்து வாங்கி, ஒருவருக்கு மட்டும் கூலி தரும் முதலாளியை நாம் என்ன சொல்லி அழைப்போம்? இடைத்தரகரின் சுரண்டலை எதிர்த்துத் தோன்றிய இயக்கம், பிறர் உழைப்பை இலவசமாகப் பெற முயலுதல் அழகன்று. முன்செய்த வேலைகளைப் பார்த்தும், அவற்றைச் செய்வித்தவர்களை விசாரித்தும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். மாதிரி வரைவு வேண்டின் அதற்கும் கூலி தரலாம். கொள்முதல் விதிகளின்படி விலைப்புள்ளி கோரும்போதும், மேற்கூறிய ஆறு விடைகளைச் சேர்த்து அனுப்பினால், வரும் விலைகள் ஒரே வேலைக்கு உரியனவாக அமையும். இல்லையேல் ஒப்பிடவே இயலாது. பணத்தை நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலை முடிவிலும் தருவது இரு சாராருக்கும் பாதுகாப்பு. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுக.

உரிமை பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், ஆதலின் வரைவு நமதே என்று பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சங்கத்தின் ஊழியரல்லாத வெளியார் உருவாக்கிய தள வடிவத்திற்கும் நிரலுக்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். எழுத்தில், அவர் கையெழுத்துடன், உரிமை மாற்றம் செய்தால்தான் அது சங்கத்தைச் சேரும். மாற்றத்தின் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவிற்குள் என்றும் கொள்ளப்படும். உலகெங்கும் தெரியும் தளத்திற்கு இது போதாது என்பது வெளிப்படை. ஆதலின் காலத்தையும் எல்லையையும் தெளிவாக எழுதிக்கொள்ளுதல் அவசியம். வடிவமைப்பாளர் தாம் செய்த வேலை என்று பிறருக்குக் காட்டிக்கொள்ளும் உரிமையை அவருக்கு விட்டுவைப்பது நியாயம்.

தளத்தின் முகவரிப் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகவேண்டும். அதைத் தம் பெயரில் பதிந்துகொண்ட ஒருவர் ஊர் மாறிப்போனதால், தன் முகவரியையே இழந்து தவித்த சங்கம் உண்டு. கடவுச்சொற்கள், மூல வரைவுக் கோப்புகள், எழுத்துரு மற்றும் படங்களின் உரிமச் சீட்டுகள், முகவரியைப் புதுப்பிக்கவேண்டிய நாள் ஆகியவற்றுக்குப் பதிவேடு ஒன்று வைத்து, இரும்புப் பெட்டிச் சாவியைப் போல் பொறுப்புடன் காக்கவேண்டும்.

தளம் வெளிவந்த பின்

தளம் வெளிவரும் நாளில் வடிவமைப்பாளரின் வேலை பெரும்பாலும் முடிகிறது. சங்கத்தின் வேலை அன்றுதான் தொடங்குகிறது. விற்றுப்போன சேலையை நீக்குபவர் யார்? ஏல விலையை நாள்தோறும் ஏற்றுபவர் யார்? வாங்குவோர் எழுதும் கேள்விக்கு விடை தருபவர் யார்? இவற்றைச் செய்யப்போகும் ஊழியர் வடிவமைப்பின்போதே உடனிருந்தால், அவர் கைக்கு ஏற்றவாறு தளம் அமையும். வாரம் ஒரு படமே எடுக்க வசதியுள்ள சங்கத்திற்கு, நாளுக்கொரு படம் கேட்கும் தளம் பொருந்தாது. போன ஆண்டுத் தீபாவளித் தள்ளுபடி இன்னமும் மின்னிக்கொண்டிருக்கும் தளத்தைவிட, முகவரியும் தொலைபேசி எண்ணும் இருபது நல்ல படங்களும் கொண்ட சிறிய தளமே மதிப்புக்குரியது.

இணையதளம் அமைக்க எண்ணும் சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தொகையைப் பற்றிப் பேசுமுன், மேலே கூறிய ஆறு கேள்விகளையும் பொருள்நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு மாலைப் பொழுதில் விடை எழுதிவிடலாம். விடை எழுத இயலாத கேள்வி ஒன்று எஞ்சுமாயின், அதற்கு விடை காணும் வரையில் வடிவமைப்பாளரை அழைக்காமல் இருப்பதே சங்கத்தின் பணத்திற்கும் அவர் உழைப்பிற்கும் நாம் செய்யும் மரியாதை.